ஹாஃப் கார்டில் சில வருடங்கள்

நான் அபுதாபியில் ஏசி பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. பிரேசிலியன் ஜியு-ஜிட்சுவில் பர்ப்பிள் பெல்ட், அதாவது பாதித் தூரம் வந்தவன். பிளாக் பெல்ட்காரர்கள் பேசும்போது எல்லாம் நடந்து முடிந்த கதையாக இருக்கும். எனக்கு இன்னும் முடியவில்லை. எங்கே மாட்டினேன், எதனால் நகர்ந்தேன் என்பது மறக்கவும் இல்லை. அதனால் இப்போதே எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

முதலில் கால அளவு. பெரியவர்களுக்கு வெள்ளை, நீலம், பர்ப்பிள், பிரவுன், கறுப்பு என்று ஐந்து பெல்ட். சர்வதேச பிரேசிலியன் ஜியு-ஜிட்சு கூட்டமைப்பின் விதிப்படி நீலத்தில் குறைந்தது 2 வருடம், பர்ப்பிளில் ஒன்றரை வருடம், பிரவுனில் 1 வருடம் இருக்க வேண்டும். கறுப்பு பெல்ட்டுக்குக் குறைந்தபட்ச வயது 19. இது காகிதக் கணக்கு. வேலை, குடும்பம் என்று இருப்பவர் வாரம் இரண்டு மூன்று நாள் வந்தால் பத்து வருடம் ஆகும் என்பதுதான் ஜிம்களில் வழங்கும் கணக்கு. பல இடங்களில் தேர்வு என்று தனியாக ஒன்றும் கிடையாது. கோச் பார்த்துக்கொண்டே இருப்பார், ஒருநாள் வகுப்பு முடிந்ததும் கூப்பிட்டுக் கட்டிவிடுவார்.

ஏன் இவ்வளவு மெதுவாக? இதில் குத்து, உதை கிடையாது. பிடித்துக் கீழே போட்டு, மேலே ஏறி, கழுத்தையோ மூட்டையோ மடக்கி, எதிராளி கையால் தட்டும் வரை, அதாவது 'டேப்' அடிக்கும் வரை போராடுவது. தட்டிய நொடியில் விட்டுவிடுவார்கள் என்பதால், ஒவ்வொரு வகுப்பிலும் ஏறக்குறைய முழு பலத்தோடு மோதிப் பார்க்கலாம். இதற்கு ரோல் என்று பெயர். ரோலில் யாரும் பாவனை செய்ய முடியாது. தெரிந்தது எது, தெரிந்த மாதிரி இருப்பது எது என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆகவே பெல்ட்டின் மதிப்பும் கூடிவிடுகிறது.

அபுதாபியில் இருப்பது எனக்கு அதிர்ஷ்டம். இந்த விளையாட்டுக்குப் பிரேசிலுக்கு வெளியே இவ்வளவு ஆதரவு கிடைத்த ஊர்கள் குறைவு. 1914-இல் பிரேசிலுக்கு வந்த மிட்சுயோ மயேடா என்ற ஜப்பானிய ஜூடோக்காரர் பெலெம் நகரத்தில் கற்றுக்கொடுத்தது. அவரிடம் கற்ற கார்லோஸ் கிரேசி, அவருடைய தம்பி ஹீலியோ, அப்புறம் ரியோ டி ஜெனிரோ. 1993-இல் அமெரிக்காவில் நடந்த முதல் யுஎஃப்சி போட்டியில், அதாவது குத்து, உதை, பிடி எல்லாம் கலந்த சண்டைப் போட்டியில், ஹீலியோவின் மகன் ராய்ஸ் ஜெயித்தது. இதெல்லாம் பலருக்கும் தெரிந்த கதை. அபுதாபியின் பங்கு அதற்குப் பின்னால் வருகிறது. அரச குடும்பத்தைச் சேர்ந்த ஷேக் தஹ்னூன் பின் சயீத் இதில் ஆர்வம் கொண்டு தொடங்கிய ஏடிசிசி என்ற பிடிச்சண்டைப் போட்டி முதன்முதலில் 1998-இல் இங்கேதான் நடந்தது. 2008-இலிருந்து அரசுப் பள்ளிகளிலேயே ஜியு-ஜிட்சு பாடம் வந்துவிட்டது. அதற்காகப் பிரேசிலிலிருந்து நிறைய கோச்சுகளைக் கூட்டிவந்தார்கள். அவர்களில் பலர் சாயங்காலம் ஜிம்களிலும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒருவரிடம்தான் நான் கற்கிறேன். எல்லாரும் அவரை 'ப்ரொஃபெஸர்' என்றுதான் கூப்பிடுவோம்.

இதன் விளைவு என்னவென்றால், மேட்டில், அதாவது பயிற்சி விரிப்பில், எனக்கு எதிரே உட்காரும் பதினாறு வயது எமிராத்திப் பையன் ஆறாம் வகுப்பிலிருந்து இதைச் செய்துகொண்டிருப்பான். நான் பள்ளியில் கபடி ஆடியவன், ஊரில் கொஞ்சம் பேரும் உண்டு. அந்தத் தைரியத்தில்தான் சேர்ந்தேன். கணுக்காலைப் பிடிப்பது, தொடையைக் கட்டுவது எல்லாம் கை தானாகச் செய்தது. ஆனால் கபடியில் ஆளைக் கீழே அமுக்கினால் வேலை முடிந்தது. இங்கே அதுதான் ஆரம்பமே. கீழே விழுந்த பையன் சிரித்துக்கொண்டே காலால் என் இடுப்பைச் சுற்றிவிட்டு என் கழுத்தை நெரிப்பான்.

புதியவர்களுக்கு ஒன்று சொல்லலாம். முதல் வருடத்தில் ஜெயிக்கக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. மூச்சு விடக் கற்றுக்கொண்டால் போதும். நூறு கிலோ ஆள் மார்பு மேல் கிடக்கும்போது பதறி மல்லாந்து தள்ளினால், நீட்டிய கை ஆர்ம்பாருக்கு, அதாவது முழங்கையை எதிர்ப்பக்கம் வளைக்கும் பூட்டுக்கு, போய்விடும். முழங்கையை விலாவோடு ஒட்டி வைப்பது, ஒருக்களித்துப் படுப்பது, இடுப்பை நகர்த்தி இடைவெளி உண்டாக்குவது ஆகிய மூன்றும் பழகினால் பாதிப் பயம் போய்விடும். வகுப்புத் தொடக்கத்தில் மேட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இறால் மாதிரி வளைந்து வளைந்து பின்னால் போகச் சொல்வார்கள். அலுப்பாக இருக்கும், செய்யுங்கள். மற்ற எல்லாமும் அதன் மேல்தான் நிற்கிறது.

இரண்டாம் கட்டத்தில்தான் எல்லாரும் மாட்டுகிறோம். கொஞ்சம் தப்பிக்கத் தெரிந்ததும் ஆசை வந்துவிடும். யூடியூபில் தினம் ஒரு டெக்னிக். போன மாதம்கூட எங்கள் ஜிம்மில் புதிதாகச் சேர்ந்த மதுரைத் தம்பி ஒருவன் வந்து, "அண்ணே, பெரிம்போலோ பாத்தேன், செம்மையா இருக்கு, நீங்க போடுவீங்களா?" என்று கேட்டான். பெரிம்போலோ என்றால் தோளில் உருண்டு எதிராளியின் முதுகுப் பக்கம் போவது. "தம்பி, எனக்கு அந்தப் பக்கம் உருண்டா கழுத்து திரும்பி வராது" என்றேன். சிரித்தான். ஆனால் அடுத்த வாரம் அவன் கேட்டது வேறு ஒரு டெக்னிக். அதற்கடுத்த வாரம் இன்னொன்று. பார்ப்பதில் தப்பில்லை, எனக்கும் பொழுதுபோக்கு அதுதான். பார்த்தது உடம்புக்குள் இறங்க மாதக்கணக்கில் ஆகும் என்பதை மட்டும் அந்த வீடியோக்கள் சொல்வதில்லை.

எனக்கு ப்ரொஃபெஸர் செய்த பெரிய உதவி, ஒரே ஒரு இடத்தைக் காட்டி "இங்கேயே இரு" என்று சொன்னதுதான். அந்த இடம் ஹாஃப் கார்டு.

தெரியாதவர்களுக்காக: நான் கீழே, எதிராளி மேலே. அவருடைய ஒரு காலை மட்டும் என் இரண்டு கால்களுக்கு நடுவே பூட்டி வைத்திருக்கிறேன். அவ்வளவுதான் ஹாஃப் கார்டு. அந்தக் காலையும் அவர் உருவிக்கொண்டால் என்னைக் கடந்துவிட்டார், போட்டியில் அவருக்கு 3 புள்ளி. என் மார்பு மேல் ஏறி உட்கார்ந்தால், அதாவது மவுண்டுக்கு வந்தால், இன்னும் 4. கீழே இருந்துகொண்டு கால்களால் எதிராளியைத் தடுத்து விளையாடும் நிலைக்குக் கார்டு என்று பெயர். ஒரு காலத்தில் இதைக் கார்டு என்றே யாரும் மதிக்கவில்லை, பாதி தோற்ற நிலை என்றுதான் நினைத்தார்கள். ராபர்டோ கொரேயா, கோர்டோ என்று கூப்பிடுவார்கள், ரியோக்காரர், முழங்காலில் அடிபட்டு, இரண்டு கால்களாலும் எதிராளியின் இடுப்பைச் சுற்றிப் பூட்டும் முழு கார்டு போட முடியாமல் போனது. அடிபட்ட காலைக் காப்பாற்றிக்கொண்டு விளையாட வழி தேடித்தேடி, ஹாஃப் கார்டின் அடியிலிருந்தே எதிராளியைப் புரட்டும் முறையை வளர்த்தெடுத்தார். அப்புறம் உலகமே அதை விளையாட ஆரம்பித்தது. என் போன்ற குட்டையான, இடுப்பு வளையாத ஆட்களுக்கு அவர் செய்த உபகாரம் கொஞ்சநஞ்சமல்ல.

'இங்கேயே இரு' என்றால் என்ன என்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், எனக்குத் தெரிந்ததில் உபயோகமானது இதுதான். ரோல் தொடங்கும்போது வழக்கமாக இருவரும் முழங்காலிட்டு எதிரெதிரே உட்கார்ந்து தொடங்குவோம். நான் அதற்குப் பதிலாக எதிராளியிடம், "ஹாஃப் கார்டிலிருந்து ஆரம்பிக்கலாமா? நீங்க மேலே" என்று கேட்டுவிடுவேன். யாரும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள், மேலே இருப்பது அவர்களுக்குச் சுகம்தானே. இந்த ஒரு பழக்கத்தால், மற்றவர்கள் மாதத்தில் சில தடவை தற்செயலாக வந்து சேரும் இடத்துக்கு நான் ஒவ்வொரு வகுப்பிலும் பல தடவை போய்வந்தேன்.

முதலில் கிடைத்த பாடம் நசுங்குவதுதான். மேலே இருப்பவர் ஒரு கையை என் தலைக்குக் கீழே விட்டு, தோளால் தாடையைத் தள்ளி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிவிடுவார். க்ராஸ்ஃபேஸ். முகம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் முதுகெலும்பும் போகும். ஒருக்களித்திருந்தவன் மல்லாந்துவிடுவேன், அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது. சில மாதங்கள் நான் படித்தது இந்த ஒரு கையைத் தடுப்பது மட்டும்தான். மேல் முழங்காலை அவர் மார்புக்குக் குறுக்கே வைத்து ஒரு வேலி போடுவது, என் கையை அவருடைய கை மடிப்பில் வைத்து அது தலைக்கு வராமல் நிறுத்துவது. அந்தச் சமயத்தில் நான் யாரையும் ஜெயிக்கவில்லை. ஆனால் நசுங்கும் நேரம் குறைந்துகொண்டே வந்தது.

நசுங்காமல் இருக்கத் தெரிந்ததும்தான் அடுத்த கேள்வி கண்ணுக்குத் தெரிந்தது: அண்டர்ஹுக் யாருக்கு? அவருடைய அக்குளுக்குக் கீழே என் கை போய் முதுகைப் பிடித்துவிட்டால் நான் எழுந்து முழங்காலுக்கு வரலாம், முதுகுப் பக்கம் போகலாம். அவருடைய கை என் அக்குளுக்குக் கீழே வந்தால் மறுபடி மல்லாக்கத்தான். இது புரிந்து, கையை உள்ளே விடப் பழகினேன். உடனே புதுத் தொல்லை. தலையைத் தாழ்த்திக்கொண்டு அண்டர்ஹுக் போட்டால், மேலே இருப்பவர் அந்தக் கையையும் கழுத்தையும் சேர்த்துச் சுற்றி டார்ஸ் என்ற நெரிப்பைப் போடுவார். நெடுங்கையன் ஒருவன் எங்கள் ஜிம்மில் இருக்கிறான், கேரளத்து எலக்ட்ரீஷியன். அவனிடம் டார்ஸில் தட்டித்தட்டித்தான் தலையை எதிராளியின் மார்போடு ஒட்டி உயரத்தில் வைக்கக் கற்றேன். அதையும் தாண்டினால், அவர் தன் கையை என் கைக்கு மேலாகச் சுற்றிப் பூட்டுவார். விஸர். அதற்கும் ஒரு பதில் உண்டு. அவர் எடையை என் மேல் முழுக்கச் சாய்த்தால் நான் இன்னும் அடியில் போய் அவருடைய தொடையைக் கட்டிக்கொள்ளும் டீப் ஹாஃப். அவர் விலகி உட்கார்ந்தால், தோளைத் திருகும் கிமுரா பிடிப்பு.

இப்படி ஒவ்வொரு பதிலும் அடுத்த கேள்வியைக் கொண்டுவந்து நிறுத்தியது. இந்த வரிசையை யாரும் எனக்கு முதல் நாளே பலகையில் எழுதிப் போட்டிருந்தால் ஒன்றும் ஏறியிருக்காது. டார்ஸில் மாட்டாதவனுக்குத் தலையை எங்கே வைப்பது என்று சொன்னால் அது வெறும் தகவல். மாட்டியவனுக்கு அது மருந்து. திறமை வளர்வது என்றால் இதுதான் என்று நான் நினைக்கிறேன்: ஒரே இடத்தில் போதுமான அளவு தோற்று, தோல்வியின் காரணம் ஒவ்வொன்றாக மாறிக்கொண்டே போவது. அதே காரணத்தால் ஒரு வருடமாகத் தோற்றுக்கொண்டிருந்தால் எங்கோ பிசகு, கோச்சிடம் கேட்க வேண்டிய நேரம். வெவ்வேறு காரணத்தால் தோற்றால் நன்றாகப் போகிறது என்று அர்த்தம்.

ஒரே இடத்தில் உட்கார்ந்தால் ஆட்டம் குறுகிப்போகாதா என்று கேட்பார்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. பெர்னார்டோ ஃபாரியா கறுப்பு பெல்ட்டில் ஐந்து முறை உலக சாம்பியன். அவருடைய ஆட்டம் பெரும்பாலும் டீப் ஹாஃப் கார்டில் புரட்டுவது, மேலே வந்ததும் ஓவர்-அண்டர் என்ற ஒரு பாஸ், அதாவது எதிராளியின் கால்களைக் கடக்கும் முறை. எதிராளிகளுக்கு முன்கூட்டியே தெரியும், தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. ரோஜர் கிரேசியோ முதல் மாதமே எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்கும் காலர் நெரிப்பை மவுண்டிலிருந்து போட்டே உலகப் போட்டிகளில் ஜெயித்தார். என் அனுபவத்திலும் ஹாஃப் கார்டு ஓரளவு நின்ற பிறகுதான் மற்ற இடங்கள் வேகமாக வந்தன. அண்டர்ஹுக், தலை நிலை, எடை எங்கே விழுகிறது என்பதெல்லாம் எல்லா இடத்துக்கும் பொது. மேலே இருக்கும்போதும், கீழே இருப்பவனுக்கு எது வலிக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

ஒரு எச்சரிக்கை. இடத்தைத் தேர்ந்தெடுப்பதை முதல் ஆறு மாதத்துக்குள் செய்யாதீர்கள். முதலில் எல்லாவற்றையும் ஒரு சுற்று பாருங்கள். உங்கள் உடம்பு அடிக்கடி எங்கே போய் விழுகிறது என்று அது காட்டிக்கொடுக்கும். நீளமான கால் உள்ளவர்கள் கால்களால் கழுத்தை நெரிக்கும் ட்ரையாங்கிள் பக்கம் போவார்கள், கனமானவர்கள் மேலே இருக்கப் பார்ப்பார்கள்.

அடுத்து, யாரோடு பயிற்சி செய்வது என்பது. இதில் என் கருத்து கொஞ்சம் கறாரானது. டெக்னிக்கைவிடக் கூட்டாளிதான் முக்கியம். என்னைவிடத் தெரிந்தவரோடு ரோல் செய்யும்போது தற்காப்பு வளரும். சமமானவரோடு செய்யும்போது அவசரத்தில் எது நிற்கிறது என்று தெரியும். புதியவரோடு செய்யும்போதுதான் புது விஷயத்தைச் சோதித்துப் பார்க்க முடியும். பலர் இந்தக் கடைசியை வீணடிக்கிறார்கள். வெள்ளை பெல்ட்டைப் பிடித்துத் தனக்கு நன்றாக வரும் நெரிப்பையே ஐந்து நிமிடத்தில் நான்கு தடவை போட்டு என்ன பயன்? அந்த நேரத்தில் வராத பக்கத்தைச் செய்யலாம். நான் ஹாஃப் கார்டின் இடப்பக்கத்தை முழுக்கப் புதியவர்களிடம்தான் கற்றேன்.

எங்கள் ஜிம்மில் பிலிப்பினோ நர்ஸ் ஒருவர் இருக்கிறார். என்னைவிட இருபது கிலோ குறைவு, எனக்கு முன்பே பர்ப்பிள் வாங்கியவர். அவரோடு ரோல் செய்யும்போது என் பலத்தைக் கழற்றி வைத்துவிடுவேன், இல்லையென்றால் இரண்டு பேருக்கும் லாபமில்லை. பலம் இல்லாமல் எது வேலை செய்கிறதோ அதுதான் எனக்கு உண்மையில் தெரிந்தது. முதல் தடவை அப்படிச் செய்தபோது ஏறக்குறைய ஒன்றுமே வேலை செய்யவில்லை.

ட்ரில் செய்வதா, ரோல் செய்வதா என்று இப்போது பெரிய விவாதம் ஓடுகிறது. எதிர்ப்பே இல்லாத ஆளிடம் ஒரே அசைவை நூறு தடவை செய்வது வீண், சிறு சிறு விளையாட்டுகளாக எதிர்ப்போடு பழகுவதே சரி என்று ஒரு கூட்டம் சொல்கிறது. பழைய கோச்சுகள் ஒத்துக்கொள்வதில்லை. எனக்குப் பட்டது: அசைவின் உருவம் புரிவதற்குச் சில தடவை சும்மா செய்ய வேண்டும், அதற்கு மேல் செய்தால் தூக்கம் வரும். உடனே எதிர்ப்பைச் சேர்க்க வேண்டும். 'நீ அண்டர்ஹுக் எடுக்கப் பார், நான் க்ராஸ்ஃபேஸ் போடப் பார்க்கிறேன், யாருக்குக் கிடைத்தாலும் நிறுத்தி மறுபடி ஆரம்பம்' என்று இரண்டு நிமிடம் செய்தால், அதற்குள் கிடைப்பது முழு ரோலில் ஒரு வாரத்தில் கிடைக்காது.

வகுப்பு முடிந்து அறைக்குத் திரும்பும்போது போனில் ஒரே ஒரு வரி எழுதுவேன். என்ன கற்றேன் என்று எழுதுவதில்லை, எங்கே மாட்டினேன் என்று மட்டும். 'விஸர் போட்டதும் இடுப்பு உயரவில்லை.' அடுத்த வகுப்பில் அதை மட்டும் ப்ரொஃபெஸரிடம் கேட்பேன். ஐந்து கேள்வி கேட்பவனுக்கு அவர் பொதுவாகச் சிரிப்பார், ஒரு கேள்வி கேட்பவனுக்கு மேட்டில் வந்து படுத்துக் காட்டுவார்.

நீல பெல்ட் கிடைத்த பிறகு நிறைய பேர் காணாமல் போகிறார்கள். எந்த ஜிம்மில் கேட்டாலும் இதையே சொல்வார்கள். வெள்ளை பெல்ட்டில் ஒவ்வொரு மாதமும் ஏதோ ஒன்று கூடும். நீலத்தில் ஒரு வருடம் போனாலும் அதே ஆட்களிடம் அதே மாதிரி தோற்போம், ஏனென்றால் அவர்களும் வளர்ந்துகொண்டிருக்கிறார்கள். கூடவே, நேற்று சேர்ந்த தடகளக்காரப் பையனிடம் மாட்டினால் பெல்ட்டின் மானம் போனதாகத் தோன்றும். நான் அந்தக் கட்டத்தைத் தாண்டியது மனவலிமையால் எல்லாம் இல்லை. ஜிம் என் அறையிலிருந்து நடக்கும் தூரத்தில் இருந்தது, கூட்டாளிகள் "ஏன் வரலை?" என்று மெசேஜ் போட்டார்கள். ஜிம் தேர்ந்தெடுக்கும்போது தூரத்தை அற்ப விஷயமாக நினைக்காதீர்கள்.

போட்டியைப் பற்றிச் சுருக்கமாக. இங்குள்ள சயீத் ஸ்போர்ட்ஸ் சிட்டி அரங்கத்தில் வருடம் முழுக்க ஏதாவது ஒரு போட்டி நடக்கும், 30 வயதுக்கு மேல் மாஸ்டர்ஸ் பிரிவு தனியாக உண்டு. ஒன்றிரண்டு முறை இறங்கிப் பாருங்கள். நான் இறங்கியபோது இரண்டு நிமிடத்தில் முன்னங்கைகள் கல்லாகிவிட்டன, விரல் மூடவில்லை. பதற்றத்தில் உடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்ததன் பலன். ஜிம்மில் பிடியைத் தளர்த்தச் சொல்லிப் பல மாதங்களாகக் காதில் ஓதியது அன்றுதான் ஏறியது. பதக்கத்துக்காக இல்லாவிட்டாலும் அந்த ஒரு பாடத்துக்காகப் போகலாம்.

இனி உடம்பு. பத்து வருடப் பயணம் என்றால் பத்து வருடம் மூட்டுகள் வேலை செய்ய வேண்டும். இதில் ஒளிவு மறைவு வேண்டாம், அடிபடத்தான் செய்யும். விரல் மூட்டுகள் வீங்கும், விலா பிடிக்கும், காது மடலில் ரத்தம் கட்டும். காது வீங்கினால் அன்றைக்கோ மறுநாளோ டாக்டரிடம் காட்டி வடித்துவிடுங்கள். விட்டால் கெட்டியாகி அப்படியே நின்றுவிடும். முழங்காலுக்குத்தான் பெரிய பயம். குதிகாலைப் பிடித்துத் திருகும் ஹீல் ஹுக்கில், வலி தெரிவதற்கு முன்பே முழங்காலின் தசைநார் கிழிந்திருக்கும். பெரும்பாலான போட்டிகளில் கீழ் பெல்ட்களுக்கு அது தடை. ஜிம்மில் யாராவது போட்டால் வலிக்கக் காத்திருக்காதீர்கள், பிடி விழுந்ததுமே தட்டுங்கள்.

தட்டுவதில் கஞ்சத்தனம் கூடவே கூடாது. ஒரு வெளியூர் ஆள் வருகைப் பயிற்சிக்கு வந்தபோது, ஆர்ம்பாரை நிதானமாகப் போடாமல் ஒரே இழுப்பாக இழுத்துவிட்டான். தட்டுவதற்கு நேரமே இல்லை. முழங்கை குணமாக நான்கு மாதம் ஆனது. அதற்குப் பிறகு புது முகம் என்றால் முதல் இரண்டு நிமிடம் அவன் எப்படி நகர்கிறான் என்று மட்டும் பார்ப்பேன். பிடிக்கவில்லை என்றால் "நன்றி, போதும்" என்று எழுந்துவிடுவேன். யாரோடும் ரோல் செய்ய மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு, காரணம் சொல்லவும் வேண்டியதில்லை.

கை குணமாகும் அந்த நாட்களிலும் வகுப்புக்குப் போனேன். ஓரமாக உட்கார்ந்து பார்ப்பேன். முடிகிற கட்டத்தில் ஒரு கையை பெல்ட்டுக்குள் செருகிக்கொண்டு, நம்பிக்கையான ஆளோடு மட்டும் காலால் விளையாடுவேன். கோர்டோவின் கதை தெரிந்திருந்ததால் அது தண்டனையாகத் தோன்றவில்லை. என் முழங்கால் வேலி உருப்படியானது அப்போதுதான். ஆனால் டாக்டரோ பிசியோவோ வேண்டாம் என்றால் வேண்டாம்தான், இதைச் சாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வளைகுடாவில் இருப்பவர்களுக்குத் தோல் பிரச்சினை தனி. ஜூலை, ஆகஸ்ட் புழுக்கத்தில் ஒரு வகுப்பு முடிவதற்குள் உடுப்பைப் பிழிந்தால் தண்ணீர் வரும். அதைப் பையிலேயே வைத்து மறுநாளும் போட்டால் படர்தாமரை நிச்சயம், உங்களுக்கு மட்டுமல்ல, எல்லாருக்கும். அறையை நான்கு பேர் பகிர்ந்துகொள்ளும் இடத்தில் தினம் கனமான உடுப்பைத் துவைத்துக் காயவைப்பது லேசான வேலை இல்லை. இரண்டு உடுப்பு வைத்துக்கொள்வதுதான் வழி. நகம் வெட்டுங்கள். வகுப்பு முடிந்ததும் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இல்லாமல் அங்கேயே குளித்துவிடுங்கள். தோலில் வட்டமாக ஏதாவது தெரிந்தால் மேட் பக்கமே வராதீர்கள்.

ரமலான் மாதத்தில் வகுப்புகள் இஃப்தாருக்குப் பிறகு இரவில் நகர்ந்துவிடும். முதலில் எனக்கு அது பெரிய தொந்தரவாக இருந்தது, காலை ஆறு மணிக்கு வேலை. இப்போது அந்த மாதத்தை மெதுவான மாதமாக வைத்துக்கொள்கிறேன், பாதி வேகத்தில் ரோல், அதிகப் பேச்சு, அதிகக் கேள்வி. ஊருக்கு லீவில் போகும்போது மேட் கிடையாது. மொட்டை மாடியில் பாய் விரித்து இடுப்பு நகர்த்துவதும், மல்லாந்து இடுப்பை உயர்த்திப் பாலம் போடுவதும் செய்வேன், கழுத்துக்கும் தொடைக்கும் கொஞ்சம் உடற்பயிற்சி. அதோடு சரி. திரும்பி வந்த முதல் வாரம் மூச்சு போகும், ஆனால் கை மறப்பதில்லை. விட்டுவிட்டு வந்தால் எல்லாம் போய்விடும் என்று பயந்து லீவையே தள்ளிப்போடுபவர்களை எனக்குத் தெரியும், அவ்வளவு தேவையில்லை.

சென்னையிலும் பெங்களூரிலும் இப்போது நல்ல ஜிம்கள் இருக்கின்றன. சேர நினைப்பவர்கள் ஒரு சோதனை வகுப்புக்குப் போய்க் கோச்சின் பதக்கங்களைப் பார்ப்பதற்குப் பதில் அவருடைய பழைய மாணவர்களைப் பாருங்கள். நாற்பது வயதுக்காரர்கள் இருக்கிறார்களா, பெண்கள் இருக்கிறார்களா, பல வருடங்களாக அங்கேயே இருக்கும் நீல, பர்ப்பிள் பெல்ட்கள் எத்தனை பேர். புதியவனை எப்படி ரோல் செய்ய விடுகிறார்கள் என்று கவனியுங்கள். முதல் நாளே முழு வேகத்தில் மோதவிட்டு வேடிக்கை பார்க்கும் இடம் வேண்டாம். கோச்சுக்கு யார் கறுப்பு பெல்ட் கட்டினார்கள் என்று தயங்காமல் கேளுங்கள், இந்த விளையாட்டில் அது மரியாதைக் குறைவான கேள்வி இல்லை. வருடச் சந்தாவை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். முதல் மூன்று மாதம் மாதாமாதமே கட்டுங்கள்.